எண்ணெய்க்குள் குமிழி

தன்னுடைய கல்யாணத்தன்றே பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போனவர் அவர். பெண் வீடு பூதப்பாண்டி. குழித்துறையிலிருந்து மாப்பிள்ளை வேன் கிளம்பி, தக்கலை தாண்டி வில்லுக்குறி வந்தபோது மாப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம். பட்டறையில் காற்றடிக்கிற கம்ப்ரஸரை அணைத்தோமா இல்லையா? அணைத்தாயிற்று என்று தம்பி சொன்னான். அப்பா சத்தியமே பண்ணினார். மாப்பிள்ளை கேட்கிற ஆளா? "ஒண்ணு பாத்துட்டு வாறேன்" என்று சொல்லி, கோட்டும் சூட்டுமாக எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். கம்ப்ரஸர் அணைந்துதான் இருந்தது. சபையில் ஆயர் கூடுதலாக நாலைந்து பாட்டுப் பாட வைத்துக் கூட்டத்தை உட்கார வைத்திருந்தாராம். இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. சொல்லும்போது சிரிக்கவே இல்லை.

"இவியளுக்கு நான் ரெண்டாவதுதான்னு அண்ணைக்கே தெரிஞ்சு போச்சு" என்றார்.

எங்கள் துறைமுகத்தில் அவருக்கு ரிவர்ஸ் என்று பட்டப்பெயர். நான் மட்டும் அண்ணன் என்பேன், அதுவும் முகத்துக்கு நேரே. துறைமுகத்துக்கு எதிரே எனக்கு ஒரு கடை உண்டு. வலைக்கயிறு, ஃபில்டர், கிரீஸ், எஞ்சின் ஆயில் எல்லாம் கிடைக்கும். சுவரில் ஒரு வயர்லெஸ் பெட்டியும் உண்டு, கடலில் இருக்கிறவர்களோடு பேச. என் தம்பி ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துகிறவன். படகில் அவனுக்கும் அக்கா எனக்கும் பங்கு. ஆழ்கடலுக்குப் போகிற படகு அது. போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் திரும்ப.

அண்ணன் எங்கள் ஊர்க்காரர் இல்லை. நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள், அவர் உள்நாட்டு சி.எஸ்.ஐ. டிப்ளமோ படித்து, துபாயில் கப்பல் பழுது பார்க்கிற யார்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, குழித்துறையில் பட்டறை போட்டவர். சும்மா சொல்லக்கூடாது, படகு எஞ்சினைப் பிரித்து மாட்ட அவரைப் போல் ஆள் கிடையாது. அதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்ட வாயாலேயே அவரைத் திட்டவும் செய்வார்கள்.

ஏனென்றால் மனுஷன் உயிரை வாங்குவார். வேலை முடியும். கையைக் கழுவுவார். பைக்கை எடுத்துக்கொண்டு, சிலுவை நிற்கிற குருசடி வளைவு வரைக்கும் போவார். அங்கே பைக் நிற்கும். பையன்கள் கரையில் இருந்து டீ பந்தயம் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார்கள். பைக் திரும்பும். வந்து, படகில் இறங்கி, ஏதோ ஒரு நட்டில் ஸ்பானரை வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். நட்டு இறுகித்தான் இருக்கும். என்றைக்குமே இறுகித்தான் இருந்திருக்கிறது. எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எரிச்சல். நான் ஒரு தடவை பூட்டினால் பூட்டினதுதான்.

துபாயில் இவர் ஒரு நட்டை முறுக்காமல் விட்டு ஒரு ஆள் செத்துப் போனான், அதிலிருந்துதான் இப்படி என்று ஊரில் ஒரு கதை உலவியது. எனக்கும் வாய் சும்மா இருக்காது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"அங்க வச்சு என்னமும் நடந்துதா அண்ணே?"

"ஒண்ணும் நடக்கல பிள்ளே. சின்னப் பிள்ளையிலேயே நான் இப்பிடித்தான். ஸ்லேட்ட பையில வச்சனான்னு பாக்க பாதி வழியில பையத் திறப்பேன்" என்றார். கதை கட்டினவர்களுக்கு இது பிடிக்கவில்லை.

என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தார். ஆரஞ்சுப்பழம் கொடுத்தார், ஜெபம் பண்ணினார், போனார். போனவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தார். ஆக்ஸிஜன் குழாய் மாட்டியிருக்கிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். நர்ஸ் முறைத்த முறைப்பில் நானாக இருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன். அம்மாவுக்கு மட்டும் அன்றோடு அவரைப் பிடித்துப் போயிற்று. "அந்தப் பய போனா திரும்பி வருவான்" என்றாள். அப்பாவைக் கடலுக்குப் பறிகொடுத்தவள் அவள். அதைவிடப் பெரிய நல்ல வார்த்தை அவளிடம் கிடையாது.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் படகு எஞ்சினை அவர் பிரித்தார். ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, துணியில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்துக் காட்டினார். பாதி வளையமாக ஒரு தகடு. கிராங்க் தண்டு உட்கார்ந்து சுழல்கிற பேரிங்கின் ஒரு பாதி அது. ஷெல் என்பார்கள். நான் விற்கிற சாமான்தான். உள்பக்கம் வழுவழுவென்று இருக்க வேண்டும். இதில் ஒரு ஓரம் மட்டும் கறையான் தின்ற பலகை போலப் பொத்துப் பொத்தாக இருந்தது.

"மண்ணு போயி உரசியிருக்கும்" என்றேன்.

"உரசினா கோடு விழும். இது கோடு இல்ல, குழி."

"பின்ன எதுதான் தின்னுது?"

"குமிழி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த கயிற்றுச் சுருளுக்குள் தன் பேனாவை நிறுத்தி, ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார்.

"தண்டு ஷெல்லத் தொடவே தொடாது பிள்ளே. நடுவுல எண்ணெ. தலைமுடிய விட மெல்லிசு. அது மேல மிதந்துதான் தண்டு சுத்துது. இந்தப் பக்கம் நெருக்கும், எண்ணெ அமுங்கும். அந்தப் பக்கம் இடம் அகலும், எண்ணெ இழுபட்டுக் கிழியும். கிழிஞ்ச எடத்துல குமிழி உண்டாவும். அந்தக் குமிழி சுத்திப் போயி நெருக்குற பக்கம் வந்ததும் படக்குனு உடையும். உடையுற எடத்துல ஊசியால குத்தின மாதிரி ஒரு அடி. ஒரு அடியில ஒண்ணும் ஆவாது. ராப்பகலா அடிச்சா?"

"குழி விழும். அவ்வளவுதானே? ஷெல்ல மாத்திட்டாப் போச்சு."

"அவ்வளவு இல்ல. குமிழி இருக்க எடத்துல எண்ணெ இல்ல. எண்ணெ இல்லாத எடத்துல தண்டத் தாங்க ஒண்ணும் இல்ல. குமிழி கூடிப்போனா தண்டு எறங்கி ஷெல்லத் தொடும். தொட்டா சூடு. சூடு கூடினா ஒட்டிப் பிடிச்சிரும். எஞ்சின் நிக்கும்."

"எங்க வச்சு நிக்கும்?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எஞ்சின் நின்ற படகைக் காற்று தன் இஷ்டத்துக்குக் கொண்டு போகும். அலைக்குக் குறுக்கே விழுந்தால் கவிழ்த்துவிடும். எங்கள் தெருவில் பல வீட்டுச் சுவர்களில் மாலை போட்ட படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று எங்கள் அப்பா.

எண்ணெயில் காற்று கலந்திருந்தால் குமிழி சுலபமாக உண்டாகும், அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. எண்ணெய் பம்பைப் பிரித்தார். உறிஞ்சுகிற குழாயில் விரிசல் இருக்கிறதா என்று தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். தண்டுக்கும் ஷெல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். எல்லாம் சரி. கடைசியில் என் தம்பியைக் கூப்பிட்டார். எண்ணெய் மட்டத்தைப் பார்க்க எஞ்சினில் ஒரு கோல் உண்டு, அதில் ஒரு அடையாளம் உண்டு.

"அடையாளத்துக்கு மேல எண்ணெ ஊத்துவியா மக்கா? உள்ளதச் சொல்லு, கோவப்பட மாட்டேன்."

"கோல் பாக்காம ஒரு சொட்டு ஊத்தினது கெடையாது அண்ணே. அந்தோணியார் சத்தியம்."

அது பொய்யில்லை. தம்பி எதில் அசட்டை என்றாலும் எஞ்சினில் அசட்டை இல்லாதவன். படகில் இருக்கிற மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அண்ணன் புது ஷெல் போட்டு எஞ்சினை மாட்டினார். ஆனால் கடலுக்குப் போகலாம் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மற்றப் படகுகளில் ஐஸ் ஏறத் தொடங்கியிருந்தது. நான் படகுக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"எல்லாம் சரின்னு நீங்கதானே சொன்னிய? பின்ன என்ன?"

"காரணம் தெரியல பிள்ளே. குழி விழுந்த ஷெல்லத்தான் மாத்தியிருக்கேன். குழி விழ வச்சது எதுவோ, அது இன்னும் உள்ளதான் இருக்கு."

"ஒங்க சந்தேகத்துக்கு ஒரு முடிவு உண்டா? கல்யாணத்துக்கே திரும்பிப் போன ஆளுதானே!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கொண்டு போகட்டும்" என்றார். மனசில்லாமல் சொன்னார் என்பது படகில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. அன்று குருசடி வளைவில் இருந்து இரண்டு தடவை திரும்பி வந்தார்.

தடை முடிகிற நாளன்று விடியும்போதே துறைமுகம் நிரம்பிவிடும். சர்ச் சாமியார் படகு படகாகப் போய் ஜெபித்துத் தீர்த்தம் தெளிப்பார். அவர் அடுத்த படகுக்குப் போன பிறகு எங்கள் படகில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிற ஒவ்வொருவனும் தன் வீட்டிலிருந்து ஒரு செம்பு கொண்டு வருவான். புது எஞ்சின் ஆயிலை அதில் நிரப்பி, வீட்டுப் பெண்கள் செம்பைத் தொட்டுக் கும்பிட, எஞ்சின் வாயில் அவனே ஊற்றுவான். பதினைந்து பேருக்குக் குறையாது. பங்குக்காரி என்ற முறையில் நானும் ஒரு செம்பு ஊற்றுவேன். கோவில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. யார் தொடங்கினார்களோ தெரியாது. அப்பா காலத்திலேயே உண்டு. அதை ஊற்றும்போது மனசு அப்படியே நிறைந்து போகும். போகிறவர்களுக்கு நம்மால் செய்ய முடிந்த ஒன்று அதுதான்.

அண்ணன் அந்த நாளில் மட்டும் துறைமுகத்துக்கு வரமாட்டார். "நான் வந்தா நிறுத்தச் சொல்லிருவேன்" என்பார். படகுகள் வெடி போட்டுக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆன பிறகு, படகுத்துறையில் விட்டிருந்த கருவிப் பெட்டியை எடுக்க வந்தார். என் கடை வாசல் குழாயடியில் பெண்கள் உட்கார்ந்து செம்புகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார். குனிந்து ஒரு செம்பை எடுத்து மோந்து பார்த்தார்.

"செம்புல எதுக்கு எஞ்சின் ஆயில்?"

நான் கணக்குப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஒவ்வொரு வருசமும் உண்டா?"

"ஒவ்வொரு வருசமும் உண்டு."

"தம்பி கோல் பாத்தானா?"

"நேத்தே பாத்தான். அடையாளத்துல கச்சிதமா நின்னுது."

"இத ஊத்தின பிறவு?"

"இது எண்ணெ ஊத்துறதுல சேருமா அண்ணே? இது நேர்ச்சையில்லா."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. நாங்கள் யாருமே அவரிடம் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடமாக எங்களில் ஒருவருக்குக்கூட அது எண்ணெயாகத் தோன்றவில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அடையாளத்துக்கு மேல போனா தண்டு எண்ணெயில முங்கிரும். மத்து வச்சு மோர் கடையுற மாதிரி கடையும். எல்லாம் நுரையாயிரும். பம்பு அந்த நுரையத்தான் பேரிங்குக்கு அனுப்புது. கொஞ்ச நாள்ல எண்ணெ செலவாயி மட்டம் எறங்கினதும் நுரை நிக்கும். அதனாலதான் குழி விழுந்தும் இவ்வளவு நாள் ஓடியிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "புது ஷெல்லு பிள்ளே. இன்னும் தண்டோட பழகல. இடைவெளி குறைவு. தம்பியக் கூப்பிடு" என்றார்.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். முதல் நாள் என்பதால் எல்லாப் படகும் ஒரே சேனலில். ஒருவன் பாட்டுப் பாடுகிறான், ஒருவன் அடுத்த படகைக் கிண்டல் அடிக்கிறான். தம்பி வந்தபோது அவன் குரலுக்குப் பின்னால் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். எஞ்சினை நிறுத்தி, கோலைப் பார்த்து, கூடுதல் எண்ணெயைக் கைப்பம்பால் இழுத்து எடு என்றேன்.

"ரிவர்ஸ் வந்துட்டாரா?" என்றான். சேனலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "எக்கா, மொத நாளு போற படகு நடுவுல நிக்கப்படாது. கடலு வேற பொங்கிக் கெடக்கு. நிறுத்தினா ஒருச்சாஞ்சு போவும்."

"மரியாதையா நிறுத்து. நான் சொல்லுதேன்."

ஒரு நிமிஷம் போயிருக்கும். பிறகு, "ஆங், பாத்தாச்சு. சரியாத்தான் இருக்கு" என்றான்.

அண்ணன் காதை வயர்லெஸ் பெட்டியோடு ஒட்டி வைத்திருந்தார். "எஞ்சின் நிக்கவே இல்ல" என்றார். "நிறுத்தி, எண்ணெ கீழ எறங்குற வரைக்கும் காத்திருந்துதான் பாக்க முடியும். பாக்காம சொல்லுதான்."

மறுபடியும் கூப்பிட்டேன். சேனலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தம்பிமேல் கோபம். இத்தனை வருடமாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் திரும்பி வந்து, இன்று எவனும் நம்பாதபடி ஆக்கி வைத்த இந்த மனுஷன்மேலும் கோபம். "இப்ப என்ன செய்யச் சொல்லுதிய?" என்று கத்தினேன்.

அவர் எழுந்து படகுத்துறையைப் பார்த்து நடந்தார். என் சித்தி மகன் தன் ஃபைபர் வள்ளத்தில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் ஏதோ பேசினார், கையால் கடலைக் காட்டினார். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. கரையில் கட்டியிருக்கிற படகில் தவிர அவர் ஏறினதே இல்லை. கரைப்படகு கொஞ்சம் ஆடினாலே கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்த ஆள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வள்ளத்தில் இறங்கினார். பைக்கில் சாவி தொங்கியது. கருவிப் பெட்டி திறந்தபடி கிடந்தது. துறைமுக வாயில் வள்ளம் அலையில் தூக்கி எறியப்பட்டு விழுவதைப் பார்த்துப் பெண்கள் அலறினார்கள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வள்ளம் கவிழ்ந்தால் அவர் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்? வள்ளம் எட்டிப் பிடிக்கும் முன்னால் எஞ்சின் நின்றுவிட்டால்? செம்பு தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் கடைக்குள் வந்து நின்றார்கள். அவர்கள் புருஷன்மார்தான் அங்கே இருக்கிறார்கள். ஒருத்தி ஜெபமாலையை எடுத்தாள். நான் வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு சேனலாகத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். யார் யாரோ வந்தார்கள். அவன் வரவில்லை.

வெயில் ஏறிவிட்ட பிறகுதான் அவன் குரல் கேட்டது.

"எக்கா."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. பாத்திரங்கள் உருளுகிற சத்தம், யாரோ கத்துகிற சத்தம், மரத்தில் தண்ணீர் அறைகிற சத்தம், இவ்வளவும் தெளிவாகக் கேட்டன. எஞ்சின் ஓடும்போது இதொன்றும் கேட்காது.

"ஏலே, நின்னு போச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். வள்ளத்துல எழும்பி நின்னு கைய ஆட்டுதாரு எக்கா. விழுந்து செத்திருவாருன்னு பயந்து நிறுத்திட்டேன். தூக்கிப் போட்டிருக்கோம். குடல் வெளிய வாற மாதிரி வாந்தி எடுக்காரு."

"கோலு?"

"காத்திருக்கச் சொல்லுதாரு."

படகு உருண்டுகொண்டே காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். பிறகு தம்பி சொன்னான், குரலே மாறிப் போயிருந்தது. "அடையாளத்துக்கு மேல நாலு விரல் நிக்குது எக்கா. எண்ணெ மாதிரியே இல்ல. சோப்பு நுரை மாதிரி வெளுத்துக் கெடக்கு."

அதோடு முடியவில்லை. இழுத்து எடுக்கப் போனால் படகில் சிலர் விடவில்லை. நேர்ந்த எண்ணெயை வெளியே எடுக்கக்கூடாது, கடலில் கொட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று. கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திகூட, "உள்ளதுதானே" என்றாள். பின்னாலிருந்து அண்ணன் குரல் சன்னமாகக் கேட்டது.

"கடல்ல கொட்ட வேண்டாம் மக்கா. கேன்ல பிடிச்சு வையுங்க. ஓட ஓட எண்ணெ குறையும் இல்லியா, அப்ப இதையே ஊத்துங்க. நேர்ந்தது வீணாப் போவாது."

அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. இழுத்தார்கள். பிறகு ஸ்டார்ட் பண்ணினார்கள். முதல் தடவை உறுமிவிட்டு அடங்கியது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. ஜெபமாலை வைத்திருந்தவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கம் என்ன.

வள்ளம் சாயங்காலம் வந்தது. அவர் அதில் இல்லை. பேரிங்குக்குப் போகிற எண்ணெயின் அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாராம். கடல் கூடிக்கொண்டே போனதால் வள்ளக்காரனால் காத்திருக்க முடியவில்லை. நீ போ என்று சொல்லிவிட்டு அவர் படகிலேயே தங்கிவிட்டார். மாற்றுத் துணி இல்லை, வாந்தி நிற்கவில்லை, ஒரு மாதப் பயணம். நான் குழித்துறைக்குப் போன் போட்டு அவர் மனைவியிடம் சொன்னேன். "பட்டறையத் தொறந்து போட்டுட்டுல்லா வந்திருக்காவ" என்றார். "கரண்டு கூட அணைக்கல. நானும் இப்ப வந்துருவாவ, இப்ப வந்துருவாவன்னு பாத்துட்டு இருக்கேன்."

படகு வயர்லெஸ் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அந்த மாதம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த அம்மாள் வாரம் ஒரு முறை களியக்காவிளை சந்தைக்கு வந்துவிட்டு, அப்படியே என் கடைக்கும் வருவார். நாங்கள் எஞ்சினைப் பற்றிப் பேசமாட்டோம்.

படகு வந்தது. தாடியும் கறுத்த முகமுமாக, பாதி ஆளாக இறங்கினார். மனைவி பக்கத்தில் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, அவர் சட்டைக் காலரை மட்டும் சரிசெய்தார். அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு நாள் படுத்துவிட்டு, மறுநாளே வந்து எஞ்சினை இறக்கினார். ஷெல்லைக் கழற்றிப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. படகில் போனவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

ஷெல்லைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்பக்கம் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே வழுவழுவென்று இருந்தது. ஒரு குழி இல்லை.

"ஒண்ணுமே இல்லியே!" என்றான் ஒருவன். "இதுக்கா எங்க கூட வந்து குடல கக்கினீரு?" எல்லாரும் சிரித்தார்கள். தம்பிதான் அதிகம் சிரித்தான். "எண்ணெய எடுக்காட்டியும் இப்பிடித்தான் இருந்திருக்கும் வோய்" என்றான்.

"இருக்கலாம்" என்றார் அண்ணன். "இந்த டிரிப்புலேயே போயிருக்கும்னு நான் சொல்லல."

நான் அந்த ஷெல்லை வாங்கி விரலை ஓட்டிப் பார்த்தேன். எனக்கு அங்கே நின்ற ஒவ்வொருவன் கன்னத்திலும் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. குழி இருந்திருந்தால் அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். குழி விழாமல் பார்த்துக்கொண்டவருக்குச் சிரிப்புத்தான் கிடைத்தது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஷெல்லை என்னிடமிருந்து வாங்கி, மறுபடியும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அவர் பழைய யார்டுக்கே மறுபடியும் போய்விட்டார். மகளைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தடைக்காலம் முடிகிறதற்கு முந்தின நாள் நான் படகுக்குப் போனேன். எப்படியும் செம்பு வரும், அதைத் தடுக்க என்னால் ஆகாது, சண்டைதான் போட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். தம்பி எஞ்சின் அறையில் தனியாக இருந்தான். கைப்பம்பால் எண்ணெயை வெளியே இழுத்துக் கேனில் பிடித்துக்கொண்டிருந்தான். கோலை எடுத்துக் காட்டினான். அடையாளத்துக்குக் கீழே நாலு விரல் இறங்கி நின்றது.

"நாளைக்கு ஊத்துறதுக்கு எடம் வேண்டாமா?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்கிட்ட யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. நீ போ எக்கா, இங்க வழுக்கும்."

கடைக்கு வந்து துபாய்க்குப் போன் போட்டேன். வேலை முடிந்து அறையில் இருந்தார். தம்பி செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் இனி யார் சொல்லாவிட்டாலும் செய்வான், நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"பிள்ளே" என்றார் பிறகு. "செம்பு வீட்டுக்கு வீடு கொண்டு வாறதுல்லா? எல்லாம் ஒரே அளவா இருக்குமா?"

"ஐயோ அண்ணே, போன வையுங்க" என்று கட் பண்ணினேன். கல்லாவைப் பூட்டினேன். விளக்கை அணைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் பாதி தூரம் நடந்தும் விட்டேன். அப்புறம் தெருவில் இருக்கிற முதல் வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக்கு எண்ணெய் ஊற்றுகிற செம்பைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன்.